இரண்டாவது கையெழுத்து

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணிகள் காசோலையின் பின்பக்கம், இடது கீழ் மூலையில் அச்சிட்ட தொகையின்மேல் ஈரவிரலால் தேய்த்தால் மை கலையும். வலது பக்கத்துத் தொகையை அதே மாதிரி தேய்த்தால் கலையாது. அசலை அறிய, கலைந்தாக வேண்டிய மையும் கலையவே கூடாத மையும் ஒரே தாளில். யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

*

முன்பக்க அச்சு வேறு வகை. எஃகுத் தகட்டில் கோடுகளைக் குழிவாகச் செதுக்கி, குழிக்குள் மையை நிரப்பி, மேலே படிந்ததைத் துடைத்துவிட்டுத் தாளை வைத்து அழுத்துவார்கள். மை மேடாக எழும்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியும். ஓரத்து வளைகோடுகள் இயந்திரம் பின்னியவை. தொடக்கமும் முடிவும் தெரியாத அந்தப் பின்னல், மார்கழியில் எங்கள் கீழ்வேளூர் வாசல்களில் விழும் சிக்குக் கோலத்தைப் போல இருக்கும். கள்ளப் பிரதி எடுப்பவன் கையில் எங்காவது ஓர் இழை தப்பிவிடும்.

*

இத்தனை வேலைப்பாடும் இரண்டு வெற்றுக் கோடுகளுக்காகத்தான். வாங்கும்போது ஒரு கையெழுத்து. மாற்றும்போது, பணம் கொடுப்பவர் கண்ணெதிரே இன்னொன்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மார்செல்லஸ் பெர்ரி 1891-ல் வகுத்த முறை. முன்பின் தெரியாத ஊரில் ஒருவருக்கு அவர் கையே சாட்சி சொன்னது.

*

கீழ்வேளூரில் ரயில் ஏறினால் சிக்கல், அதைத் தாண்டினால் நாகப்பட்டினம். அந்தத் துறையிலிருந்துதான் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். டெக்கில் பாய் விரித்துப் போனவர்களில் கைநாட்டு வைப்பவர்களும் இருந்தார்கள். கையெழுத்தைக் கவுண்டரில் இருப்பவரே ஒப்பிட்டுவிடலாம். ரேகையைப் படிக்க நிபுணர் வேண்டும். அதனால் இந்தத் தாள் அவர்களுக்கானதாக இல்லை. அவர்கள் காசு மடியிலும் முந்தானை முடிச்சிலுமே கடல் தாண்டியது. காசோலையின் அழகைப் பேசும் யாரும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

*

வீட்டு டிரங்குப் பெட்டியில், முதல் கையெழுத்து மட்டும் போட்ட தாள் ஒன்று கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் காசோலைக்குக் காலாவதித் தேதி கிடையாது. இரண்டாவது கோட்டில் மட்டும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம்; பணம் தருபவர் முன்னால்தான் அதை நிரப்ப வேண்டும்.