தோற்பையும் சார்பில் தோற்றமும்



சார்பில் தோற்றத்தை நம் சிறார்க்கு எவ்வாறு உணர்த்துவது? பன்னிரு நிதானங்களை நெட்டுருச் செய்விப்பதனால் மட்டும் பயனில்லை. தாராவியில் தைக்கும் தோற்பையொன்றை அவர்தம் கையிற் கொடுங்கள். தோலினின்று மயிர் களைவது சுண்ணாம்பு. நம் சுனாபட்டியின் பெயரே சுண்ணாம்புச் சூளையைக் குறிப்பதன்றோ! தமிழகத்துத் தோல் பதனிடும் சாலைகளில் முன்பு ஆவாரம் பட்டையே பயன்பட்டது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவினின்று வாட்டில் மரப்பட்டை கப்பலேறி வந்தது. அம்மரமோ ஆஸ்திரேலியாவினின்று அங்குச் சென்றது. பதனிட்ட தோல் இலண்டன் அங்காடியை அடைந்தது.

தோலைத் தொட்டு உழைத்தோரைத் தீண்டாதார் என்றனர். அதனையே கப்பலேற்றிப் பொருளீட்டியோரைப் பெருவணிகர் என்று போற்றினர். இதனையும் பிள்ளைகட்கு மறைக்க வேண்டா. நிறவேற்றுமையைக் கண்டித்து 1946ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை இந்தியா நிறுத்தியது. நன்றே செய்தது. “அவ்வாண்டில் ஊர்க் கிணறு நம் பாட்டன்மார்க்குத் திறந்திருந்ததா?” என்று ஒரு சிறுவன் வினவக்கூடும். வினவட்டும், அவன் பாடத்தை நன்கு கற்றிருக்கிறான்.

உபாசகர்க்குப் பகவர் விலக்கிய வாணிபங்கள் ஐந்து: படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு. தோல் அவற்றுள் இல்லை. தந்தையின் தொழிலைப் பள்ளியிற் கூற நாணும் பிள்ளைக்கு இதனை முதலிற் சொல்லுங்கள்.