நிகழாத விபத்தின் பாவம்

ஒரு முழக் கம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். துருப்பிடிக்காத உருக்கினால் செய்யப்பட்ட, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத கம்பி. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அதனால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவுமில்லை. தீங்கு எதுவும் நேராத ஒரு காரியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் வைத்த கேள்வியும் அதுதான்.

தொழில் நிமித்தம் கலிபோர்னியாவில் வாழ்ந்த காலத்தில் நானும் வேறு மூவரும் கூட்டாக ஒரு சிறிய விமானத்தை வைத்திருந்தோம். சொந்த விமானம் என்றதும் ஊரில் இருப்பவர்கள் என்னைக் கோடீஸ்வரன் என்று எண்ணிவிடக் கூடாது. அது 1974ஆம் ஆண்டு செய்யப்பட்ட செஸ்னா 172. நான்கு ஆசனங்கள், 150 குதிரை வலுக்கொண்ட லைகோமிங் எஞ்சின். 1955இல் முதன்முதலாகப் பறந்த இந்த வகையில் இதுவரை நாற்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. உலகில் இதைவிட அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் வேறில்லை. நால்வர் பங்கு போட்டால் ஒருவர் தலையில் விழுவது ஒரு நடுத்தரக் காரின் விலைதான்.

வாங்குவது இலகு, வைத்திருப்பதுதான் பாடு. ஒவ்வொரு வருடமும் அதற்கென அதிகாரம் பெற்ற ஒருவர் விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகத் திறந்து பரிசோதிக்க வேண்டும். இரண்டாயிரம் மணித்தியாலம் ஓடிய எஞ்சினை முழுமையாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் அறிவுரை. ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். ஒயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, பிளக் துப்புரவு செய்வது போன்ற சில வேலைகளை விமானி அனுமதிப்பத்திரம் உள்ள உரிமையாளரே செய்துகொள்ள அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. செய்த பின்னர் என்ன வேலை செய்தோம் என்பதைத் திகதியுடன் பதிவேட்டில் எழுதி, கையொப்பமிட்டு, அனுமதிப்பத்திர இலக்கத்தையும் குறிக்க வேண்டும். விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருப்பதற்கான முதற்பொறுப்பை அந்தச் சட்டம் மெக்கானிக்கின் மீதல்ல, உரிமையாளரின் மீதே சுமத்துகிறது. உடைமை என்பது அங்கே உரிமை மட்டுமல்ல. நமது மொழியில் சொன்னால் அது ஓர் அமானிதம்.

எங்கள் நால்வரில் கைவேலையில் ஆசையுள்ளவன் நான். ஆகவே ஒயில் மாற்றுவது என் பொறுப்பாயிற்று. வடிகட்டியைக் கையால் திருகிப் பூட்டி, அளவான விசைக்கு இறுக்கி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கம்பியை வடிகட்டியின் காதில் கோர்த்து, முறுக்கி, எஞ்சினோடு பிணைக்க வேண்டும். அதிர்வினால் வடிகட்டி தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கத்துக்கே இழுத்துப் பிடிக்கும். கம்பி இல்லாமல் வடிகட்டி கழன்றுவிட்டால் ஒயில் முழுவதும் வெளியேறிவிடும். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கீழே மலையா, கடலா, வீடுகளா என்பது அந்த வேளையைப் பொறுத்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், கசிவில்லை. அசருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சூடு ஆறட்டும், தொழுதுவிட்டு வந்து கம்பியைக் கட்டலாம் என்று நினைத்தேன். அதற்கிடையில் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: ஒயிலும் வடிகட்டியும் மாற்றப்பட்டன, கம்பியால் பிணைக்கப்பட்டது, கசிவு பரிசோதிக்கப்பட்டது. கையொப்பமிட்டேன். தொழுதுவிட்டு வந்தேன், எஞ்சின் மூடியைப் பூட்டினேன், வீட்டுக்குப் போனேன்.

என்னை மறக்கச் செய்தது தொழுகை என்று சொல்லித் தப்ப முடியாது. தொழுகைக்கு முன்பே நான் கையொப்பம் இட்டுவிட்டேன். செய்யாத வேலைக்குச் சாட்சி சொல்லிவிட்டுத்தான் தக்பீர் கட்டினேன்.

நாற்பத்தாறு மணித்தியாலப் பறப்புக்குப் பின்னர், அடுத்த ஒயில் மாற்றத்துக்காக மூடியைத் திறந்தபோது கம்பி இல்லாததைக் கண்டேன். வடிகட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஓர் இம்மியும் தளரவில்லை. நான் இறுக்கியபடியே இருந்தது. பறப்புக் கணக்கைப் புரட்டினேன். அந்த நாற்பத்தாறில் ஒன்பது என்னுடையவை. மிகுதி மற்றவர்களுடையவை. அவர்களில் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைகளைத் தாண்டி மொண்டரே குடாவரை போய் வந்திருந்தார். அன்று கொட்டகையில் என்னைத் தவிர யாரும் இல்லை. புதிய வடிகட்டியைப் பூட்டிக் கம்பியைக் கட்டினால் விடயம் முடிந்தது. உலகில் எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

நடக்காத ஒன்றுக்காக ஒருவன் குற்றவாளி ஆவானா?

மேற்குலகின் மெய்யியலாளர்கள் இருவர், பெர்னாட் வில்லியம்ஸும் தோமஸ் நாகெலும், 1976இல் இதே முடிச்சைத்தான் எடுத்து ஆராய்ந்தார்கள். வாகனத்தின் பிரேக்கைப் பரிசோதிக்காமல் அசட்டையாக இருந்த ஒரு சாரதியை நாகெல் உதாரணம் காட்டுகிறார். பிள்ளையொன்று குறுக்கே ஓடிவந்து அடிபட்டு இறந்தால் அவன் தன்னை வாழ்நாள் முழுதும் நொந்துகொள்வான். உலகமும் அவனைப் பழிக்கும். பிள்ளை வராதிருந்தால் அவன் செய்தது ஒரு சின்னக் கவனயீனம். இருவரும் செய்தது ஒன்றே. வித்தியாசம் பிள்ளை வந்ததும் வராததும் மாத்திரம். அது சாரதியின் கையில் இருந்ததல்ல. அப்படியானால் நாம் எடைபோடுவது அவனுடைய செயலையா, அதிர்ஷ்டத்தையா? அதிர்ஷ்டம் ஒழுக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். அதை வெளியேற்றும் வழியைக் காட்டவில்லை.

நமது ஷரீஅத்தும் விளைவைக் கணக்கில் எடுக்காமல் விடவில்லை. தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவனுக்கு நட்டஈட்டையும், அடிமையை விடுதலை செய்வதையும், அதற்கு வழியில்லாதவனுக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பையும் ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அவனிடம் கெட்ட நிய்யத் இல்லை. ஆயினும் ஓர் உயிர் போய்விட்டது. போன உயிருக்குக் கணக்கு உண்டு. அதே தவறினால் உயிர் போகாவிட்டால் இந்தக் கப்பாராவும் இல்லை. இன்னொரு பக்கம், மறதியினாலும் தவறுதலாலும் நேர்பவற்றை இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நான் தப்பிவிட்டேன் என்றே முதலில் தோன்றியது. உயிர் போகவில்லை, ஆகவே கப்பாரா இல்லை. மறதி, ஆகவே பாவமும் இல்லை.

ஆனால் நான் மறந்தது கம்பியைக் கட்டுவதை மட்டுமே. கட்டியாயிற்று என்று எழுதியது மறதியால் அல்ல, அவசரத்தால். எழுதும்போது அது இன்னும் கட்டப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். அமானிதத்தை வைத்திருப்பவன் வரம்பு மீறினால் அல்லது அசட்டை செய்தால் மட்டுமே பொறுப்பாளி என்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மறதிக்கும் அசட்டைக்கும் இடையிலுள்ள கோடு என் கையொப்பத்தின் மீதே போகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை நாம் அடிக்கடி மேடைகளில் சொல்கிறோம். அந்த மனிதர் கட்டாமல் விட நினைத்தது தன்னுடைய ஒட்டகத்தை. நான் கட்டாமல் விட்டதில் ஏறிப் போனவை இன்னொருவரின் பிள்ளைகள். கட்டிவிட்டேன் என்று நான் எழுதியதை நம்பித்தான் அந்தத் தகப்பன் தவக்குல் வைத்தார்.

சரி, குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லத்தான் வேண்டுமா? இங்கே எனக்கு இன்னொரு தடை வந்தது. தன் பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, அதைத் தானே பகிரங்கப்படுத்துபவனைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. மறைப்பது நமது பண்பாடு. பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தௌபாச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அழகு என்று என் மனம் வாதாடியது. அந்த வாதத்தில் மார்க்கம் எவ்வளவு, கோழைத்தனம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விமான உலகம் இந்த இடத்தில் ஒரு பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1974 டிசம்பர் 1ஆம் திகதி, வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள டலஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ரி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வேர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியை விமானிகள் ஒருவிதமாகவும் கொடுத்தவர்கள் வேறுவிதமாகவும் விளங்கிக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் ஒரு விடயம் வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தில் சிக்கி, அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதைத் தமது நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் செய்தி அந்த வேலிக்கு வெளியே போகவில்லை. ஒரு நிகழாத விபத்து வெளியே வராததால் அடுத்தது நிகழ்ந்தது.

இதன் பின்னர்தான் 1976இல் நாசா நிறுவனம் ஓர் அறிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. விமானியோ மெக்கானிக்கோ தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பின்னரே அது ஏனையோர் படிப்பதற்கு வைக்கப்படும். தவறு வேண்டுமென்று செய்யப்படாததாக இருந்து, பத்து நாட்களுக்குள் அனுப்பியிருந்தால் தண்டனையிலிருந்தும் பொதுவாக விலக்கு உண்டு. ஆளை மறைத்து, தவறை வெளிப்படுத்துகிறார்கள். இதைப் படித்தபோது நமது மறைத்தலின் பொருள் எனக்குப் புதிதாக விளங்கிற்று. மறைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டது மனிதனின் மானத்தை. பிறருக்கு ஆபத்தாகக் கிடக்கும் பள்ளத்தை ஓலை போட்டு மூடும்படி யாரும் சொல்லவில்லை.

இமாம் நவவி அவர்கள் தௌபாவின் நிபந்தனைகளைச் சொல்லும்போது, அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்துக்கு மூன்றையும், பிற மனிதரின் ஹக்கு சம்பந்தப்பட்டதாயின் நான்காவதாக ஒன்றையும் சொல்கிறார்கள்: அந்த மனிதரோடு கணக்கைத் தீர்த்துக்கொள்வது. என்னிடம் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. எதையும் நான் பறிக்கவில்லையே. ஒன்றே ஒன்றைத் தவிர. தன் பிள்ளைகளை எதில் ஏற்றுகிறோம் என்பதை அறிந்து முடிவெடுக்கும் ஹக்கு அந்தத் தகப்பனுக்கு இருந்தது. அதைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

உண்மையில் என்னை அசைத்தது கிதாபுகளல்ல. வாப்பா சம்மாந்துறையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் ஆணிப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஒரு கிழமைக்கு முன் சைக்கிள் திருத்திக்கொண்டு போன பையன் வீதியால் போய்க்கொண்டிருந்தான். அவனை மறித்து, "தம்பி, பிரேக் நட்ட நான் இறுக்கல்ல. இறங்குங்க" என்றார். நடுவீதியில் குந்தியிருந்து இறுக்கினார். பையன் சிரித்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. "ஒரு கிழமையா ஒண்டும் நடக்கல்லத்தானே வாப்பா, பேசாம இருந்திருக்கலாமே" என்றேன். வாப்பா மூச்சு வாங்கியபடி சொன்னார்: "விழாம இருந்தது அவன்ட நசீபு மகன். இறுக்காம உட்டது என்ட கை."

நாகெலும் வில்லியம்ஸும் அவிழ்க்காமல் விட்ட முடிச்சை வாப்பா அவிழ்த்துவிட்டார் என்று பெருமை பேச வரவில்லை. பிள்ளை குறுக்கே வந்திருந்தால் வாப்பாவின் நோவும் வேறாகத்தான் இருந்திருக்கும். விளைவு மனிதனை மாற்றத்தான் செய்யும். ஆனால் விளைவு நல்லதாக அமைந்தது அடுத்தவனின் நசீபு என்றால், அதை என் கணக்கில் வரவு வைக்க எனக்கு உரிமையில்லை. அவ்வளவுதான் வாப்பா சொன்னது.

நான் நாசாவுக்கு எழுதினேன். அது இலகுவாக இருந்தது. முகம் தெரியாதவர்களுக்குச் சொல்வது எப்போதும் இலகு. பின்னர் அந்தத் தகப்பனை விமானக் கொட்டகைக்கு வரச்சொல்லி, பழைய வடிகட்டியைக் கையில் கொடுத்து விடயத்தைச் சொன்னேன். அவர் எந்தத் திகதி என்று மட்டும் கேட்டார். தன் பறப்புக் கணக்கைத் திறந்து விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு போனார். மொண்டரே என்ற இடத்தில் விரல் நின்றது. சற்று நேரம் கழித்துப் புத்தகத்தை மூடினார். இனி மூடியைப் பூட்டுமுன் இரண்டாமவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றார். நன்றி என்றும் சொன்னார். ஆனால் அதன் பிறகு பல மாதங்கள் அவர் தன் பிள்ளைகளை அந்த விமானத்தில் ஏற்றவில்லை. நான் கேட்கவுமில்லை. அதைக் கேட்க எனக்கு ஹக்கு இல்லை.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கள் நட்பு பழுதில்லாமல் இருந்திருக்கும். கம்பி கட்டாத வடிகட்டி இருந்தது போல.

அன்றிலிருந்து நாங்கள் நால்வரும் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தோம். இரண்டாமவர் டோர்ச்சை அடித்து, கம்பியை விரலால் தொட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே பதிவேட்டைத் திறப்பது. அந்த விமானத்தில் என் பங்கை விற்றுவிட்டு வந்து காலமாகிறது. இன்றும் எந்தக் காகிதத்தில் கையொப்பமிட நேர்ந்தாலும், பள்ளிவாசல் கணக்காயிருந்தாலும், நிக்காஹ் பதிவில் சாட்சியாயிருந்தாலும், பேனையைத் திறக்குமுன் என் விரல் தானாக எதையோ தேடித் துழாவுகிறது.

அது அந்த ஒரு முழக் கம்பியைத்தான் தேடுகிறது என்பது எனக்குத் தெரியும்.