வரையத் தெரியாது என்று இனிச் சொல்லாதே!

"எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்கிறாயே தம்பி, உனக்கு அதைச் சொன்னது யார்? மூன்றாம் வகுப்பில் நீ வரைந்த யானையைப் பார்த்து "இது பன்றியா?" என்று சிரித்தானே பக்கத்து பெஞ்சுக்காரன், அவனா? டிராயிங் பீரியடை வாங்கிக்கொண்டு கணக்கு நடத்தினார்களே, அன்றைக்கா நீயே முடிவு கட்டிக்கொண்டாய்? அந்தச் சின்ன அவமானத்தை இன்னும் மடியில் முடிந்துகொண்டு திரிகிறாய். அவிழ்த்து உதறு. தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பிறந்தது தென்னேரியில். காஞ்சிப் பட்டு நெய்கிற வட்டாரம் இது. கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஓர் இழை பிசகினால் போதும், இந்த மண்ணில் தறியோடு வாழ்ந்தவர்களின் கண் நேரே அங்கே போய் நிற்கும். அரக்கு வேறு, மாதுளம்பழச் சிவப்பு வேறு. மயில்கழுத்து வேறு, கிளிப்பச்சை வேறு. வெங்காயச் சருகு என்று ஒரு நிறம் இருப்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எம்.எஸ். நீலம் என்று ஒரு பாடகியின் பெயரில் ஒரு நிறத்தையே கொடுத்த ஊர் காஞ்சிபுரம். இப்படி வண்ணம் புழங்குகிற வட்டாரத்தில் வளர்ந்த நீ, "எனக்குக் கலர் சென்ஸ் கிடையாது" என்று சொல்லலாமா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. படை நடத்திய அரசன், நான் ஓவியன் என்பதைக் கல்லில் வெட்டிவைத்தான். கைலாசநாதர் கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருப்பாய். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிற்றாலயங்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாயா? பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்த பல்லவர் கால ஓவியத் துண்டுகளைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1931-இல் கண்டுபிடித்தார். ஆயிரத்து இருநூறு வருஷம் தாண்டியும் அங்கே ஒரு விரல் வளைவும் ஒரு கண்ணிமையும் தெரிகின்றன. உன் பக்கத்து ஊர்ச் சுவர் அது.

அங்கே வரைந்தது சாமியை. நான் உன்னிடம் கேட்பது அதைவிடச் சின்ன வேலை. உன் வீட்டில் உனக்கு உயிரான ஏழு பொருள்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரைந்து வண்ணம் தீட்டு. ஏழு தாள், ஏழு படம், ஒரே வரிசை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும். காது பக்கம் நூல் சுற்றிய தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த, பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு. பரணில் தூசி படிந்து கிடக்கும் ராட்டை. ஊடை நூலை ஓட்டி ஓட்டித் தறியோடு ஓய்ந்துபோன ஒரு நாடா. ஓவியர்கள் இதை ஸ்டில் லைஃப் என்பார்கள், நிலைப்பொருள் ஓவியம். பேர் எதுவானால் என்ன, பொருள் உன்னுடையது.

"சொம்பையும் பாக்குவெட்டியையும் போய் யார் வரைவார்கள்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். பாரிஸில் ஓவியக் கழகம் வைத்திருந்த பெரிய மனிதர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1667-இல் ஃபெலிபியான் என்பவர் ஓவியங்களைத் தரம் பிரித்து, வரலாறும் புராணமும் மேலே, பழமும் பாத்திரமும் அடியிலே என்று எழுதிவைத்தார். அந்தக் கழகத்துக்குள்ளேயே 1728-இல் ஒரு திருக்கை மீனையும் சமையல் சாமான்களையும் வரைந்துகொண்டுபோய் உறுப்பினரானார் ஷார்தேன் என்ற ஓவியர். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் செம்புத் தொட்டி ஒன்றை அவர் வரைந்த படம் இன்றைக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

நம் பக்கத்திலேயே பார். செம்பியவரம்பல் என்ற கிராமத்திலிருந்து கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்குப் போனவர் ஓவியர் இளையராஜா. அடுப்படி, வாசற்படி, குடம், விளக்கு, அவற்றின் நடுவே நம் வீட்டுப் பெண்கள் என்று வரைந்தார். அவர் வரைந்தது எதுவும் நமக்கு அந்நியமில்லை. 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது தமிழ்நாடே கலங்கியது. அடுப்படி வெளிச்சத்தை அவ்வளவு மரியாதையாகப் பார்த்த கண் அது.

இடமில்லை, வசதியில்லை என்று அடுத்த சாக்கு கிளம்பும். இத்தாலியில் பொலோனா என்ற ஊரில் ஜார்ஜோ மொராண்டி என்று ஒருவர் இருந்தார். 1890-இல் பிறந்து 1964-இல் காலமானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் இருந்தார். படுக்கிற அறையே அவருக்கு வரைகிற அறை. 1930 முதல் 1956 வரை ஊர்க் கலைக்கல்லூரியில் பாடம் நடத்தினார். மற்ற நேரத்தில் வீட்டில் பாட்டில்களை வரைந்தார். அதே பாட்டில்கள், அதே ஜாடிகள், அதே டப்பாக்கள். ஒன்றை ஓர் அங்குலம் தள்ளி வைப்பார், மறுபடி வரைவார். பளபளப்பு கண்ணைக் கெடுக்கிறது என்று சில பாட்டில்களுக்குப் பெயின்ட் அடித்துவிடுவார். இப்படிப் பத்துக் கணக்கான வருஷங்கள். 1957-இல் பிரேசிலில் சாவோ பாவ்லோ கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு அந்தப் பாட்டில்களுக்குக் கிடைத்தது. உலகம் சுற்றியவரல்ல அவர். ஒரு மேஜை அவருக்குப் போதுமானதாக இருந்தது. உன் வீட்டில் ஒரு ஸ்டூல் இருக்கிறதா, இல்லையா?

ஏன் ஏழு, ஒன்று போதாதா என்றால், ஒன்று என்று உட்கார்ந்தால் கை நடுங்கும் தம்பி. அந்த ஒரே படத்தின் தலையில் உன் மானம், மரியாதை, எதிர்காலம் எல்லாவற்றையும் ஏற்றிவைப்பாய். வரிசையாக வரைகிறவனுக்கு அந்தப் பயம் இல்லை. முதல் படம் கோணலாக வரும். வரட்டும்! கிழிக்காதே, கீழே தேதியைப் போட்டு எடுத்து வை. இரண்டாவதில் கண் கொஞ்சம் திறக்கும். நாலாவதில் கைக்கும் கண்ணுக்கும் பேச்சுவார்த்தை நடக்கும். ஏழையும் ஒரே அளவுத் தாளில், ஒரே ஜன்னலோரத்தில், ஒரே வேட்டித் துணியின் மேல் வைத்து வரை. அந்த ஒற்றுமையே தனித்தனிச் சாமான்களை ஒரு குடும்பமாகக் காட்டும்.

சரி, சொம்பை எடு. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது, அந்த வெளிச்சம் அதிகம் மாறாது. மற்ற விளக்கை அணைத்துவிடு. ஒரு பக்க வெளிச்சம்தான் வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார், சின்னச் சின்ன விவரங்கள் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சொம்பின் வாய் வட்டம் என்று உன் மூளைக்குத் தெரியும். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமில்லை, மேலும் கீழும் அமுங்கிய வளையம். அடிப்பாகம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். புதிதாக வரைகிறவர்கள் அடியை நேர்கோடாக இழுப்பார்கள், சொம்பு தரையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். நீ வளைவாக இழு, உட்காரும்.

பித்தளைக்கு மஞ்சள் மட்டும் பூசினால் பிளாஸ்டிக் குடம்தான் வரும். உற்றுப் பார்: இருட்டில் காப்பிப்பொடி நிறம் இருக்கிறது, ஓரிடத்தில் பச்சை கலக்கிறது, அடியில் உன் வீட்டுச் சிவப்புத் தரை ஏறி நிற்கிறது. மின்ன வேண்டிய புள்ளியில் வண்ணமே வைக்காதே, தாளின் வெள்ளையை அப்படியே விடு. அதன் பக்கத்தில் இருட்டை ஆழமாக வைத்தால் அது தானாக மின்னும். நிழலுக்குக் கறுப்பு டியூபைத் தொடாதே. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து பார், நிழலுக்குள் காற்று வரும்.

பிறகு நாடாவை எடு. எத்தனை வருஷம் கையிலிருந்து கைக்கு ஓடியது அது! இரண்டு முனையும் கூர்ந்திருக்கிறது, நடுவில் நூல் சுற்றிய தார் உட்காரும் குழி, நூல் வெளியேறும் சின்னக் கண். கை பட்டுப் பட்டு வழவழத்த இடம் ஒரு நிறம், கை படாத இடம் வேறு நிறம். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு கரைக்கும் தலா ஒன்று, உடலுக்கு ஒன்று என மூன்று நாடா ஓடும். ஒரு கரையைப் பார்க்கவே தனியாக ஓர் ஆள் தறியில் உட்கார வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆள் வரைகிற நாடாவும், இணையத்தில் படம் பார்த்து வரைகிற நாடாவும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. வெளியூர் ஓவியன் உன்னைவிடக் கோடு நன்றாக இழுக்கலாம். எந்த இடம் தேயும், ஏன் தேயும் என்பது உனக்குத்தான் தெரியும். நீ பாதி ஓவியனாகவே பிறந்திருக்கிறாய், மீதிப் பாதிக்குத்தான் பென்சில் வேண்டும்.

"போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது" என்பாய். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான போட்டோக்களில் எத்தனையை நீ முழுதாக ஒரு நிமிஷம் பார்த்திருக்கிறாய்? வரைய உட்கார்ந்தால் அரைமணி நேரம் அந்தச் சொம்பையே பார்க்க வேண்டும். அப்போதுதான் கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கல் கண்ணில் படும். "அம்மா, இது எப்படி நசுங்கியது?" என்று கேட்பாய். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து, நீ பிறப்பதற்கு முந்திய ஒரு கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கதை வேறு எந்த வழியாகவும் உன்னிடம் வந்து சேராது. நாளைக்குப் பழைய சாமான்காரர் தெருவில் குரல் கொடுத்தால் பித்தளையும் போய்விடும், கதையும் போய்விடும். பட்டுத் தறி எத்தனை வீட்டில் பிரித்து விறகாகிவிட்டது என்று உனக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

கண் சரியில்லை, வயதாகிவிட்டது என்கிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன்: மனோகர் தேவதாஸ். 1936-இல் மதுரையில் பிறந்தவர், வேதியியல் படித்து சென்னையில் வேலை பார்த்தவர். விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. 1972-இல் கார் விபத்து; மனைவி மஹீமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் அசையாமல் போனது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்து வரைந்தார்! கறுப்பு மையில், மயிரிழைக் கோடுகளில், தான் நேசித்த மதுரையை: கோயில் கோபுரத்தை, தெருக்களை, சிறுவயதில் குதித்து நீந்திய கிணற்றை. கணவர் படம் வரைய, மனைவி எழுத்துச் சேர்க்க, வாழ்த்து அட்டைகளாக்கி அந்தப் பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார்கள். 2020-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. 2022-இல் மறைந்தார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் ஒரு மதுரையையே வரைந்து முடித்தார். அதைவிட நல்ல கண் இருக்கிற நாம் ஒரு பாக்குவெட்டிக்குத் தயங்கலாமா?

ராட்டை சுற்றித் தார் போட்டு வீட்டை நடத்திய அம்மா, நீங்களும் வாருங்கள். கோலப்புள்ளியை ஒரு மூச்சில் வைத்து நெளிக்கோட்டைப் பிசகாமல் சுற்றிக்கொண்டு வருகிற கை உங்களுடையது. அந்தக் கைக்கு ஒரு பிரஷ் பெரிய விஷயமே இல்லை. பேரனுக்கு வாங்கிய வண்ணப் பெட்டி அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது?

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இது என் நெஞ்சில் ரொம்ப நாளாகக் கனக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். ஊருக்குப் பெயர், பட்டுக்குப் பெயர், கடைக்குப் பெயர், பெட்டியின் மேல் தங்க எழுத்து. அந்தப் புடவையை வாரக்கணக்கில் குழிக்குள் கால் தொங்கவிட்டு நெய்தவரின் பெயர் எந்த முந்தியில் இருக்கிறது? சொம்புக்குக்கூடப் பெயர் வெட்டுகிறோம், நெய்தவர் பெயரைப் புடவையில் எங்கும் பார்க்க முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாக அழகைச் செய்து கொடுத்துவிட்டுப் பெயரில்லாமல் எழுந்து போன கைகள் அவை. நீ அப்படி எழுந்து போகாதே. படத்தின் வலது மூலையில் உன் பெயரை எழுது, இனிஷியலோடு. கீழே தென்னேரி, வருஷம். தாளைத் திருப்பிப் பின்பக்கம் இது யாருடைய பொருள், எப்போது வந்தது, யார் கை பட்டது என்பதை எழுது. நாடா தாத்தாவுடையது என்றால் தாத்தாவின் முழுப்பெயரை எழுது. ஏழும் முடிந்ததும் பெட்டியில் பூட்டாதே. வாசல் திண்ணைச் சுவரில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, தெருவே பார்க்கிற மாதிரி வரிசையாக மாட்டு. "யார் வரைந்தது?" என்று கேட்டால் உள்ளே ஓடி ஒளியாமல் "நான்தான்" என்று சொல். கேட்டவர் தன் வீட்டுப் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஒரு தாளைக் கிழித்து அவர் கையில் கொடு.