களஞ்சியத்தைச் சிறிதாக்கும் காலம்



லூக்காஸ் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன செல்வந்தனின் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய நிலம் அமோகமாக விளைந்தது. தானியத்தைச் சேர்த்து வைக்க இடம் போதவில்லை. இருந்த களஞ்சியங்களை இடித்து இன்னும் பெரியவற்றைக் கட்டத் தீர்மானித்தான். அன்றிரவே அவனுடைய ஆன்மா திரும்பக் கேட்கப்பட்டது.

மருதானையிலும் புறக்கோட்டையிலும் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு வந்த கவலையோ இதற்கு நேர்மாறானது. களஞ்சியம் பெரிதாக இருக்கிறது. உள்ளே வைக்கச் சாமான் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், சில வாரங்களுக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போயிற்று. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை அரசு இடைநிறுத்தியது. அதே மாதத்தில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் நூற்றுக்கு 7 புள்ளிகள் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தொட்டது. இரண்டு கொள்கலன் சாமான் எடுத்த அதே முதலுக்கு ஒரு கொள்கலனுக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. ஆனால் கிட்டங்கிக்கு வாடகை பாதியாகவில்லை. வெறும் சுவருக்கும் கூரைக்கும் மாதந்தோறும் முழுப்பணம் எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய நேரத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தைக் குறைப்பது புத்தியுள்ள காரியம். ஆயினும் பலர் தயங்குகிறார்கள். காரணம் கணக்கு அல்ல, கௌரவம். ‘முதலாளி விழுந்துவிட்டார்’ என்று ஊர் பேசுமே, கடன் தந்தவர் மறுநாளே வாசலில் நிற்பாரே என்ற பயம். இந்தப் பயத்துக்காகவே மேலதிகப்பற்று எடுத்து, வட்டி கட்டி, காலி அறைக்குப் பூட்டுப் போட்டுக் காவல் காப்பவர்கள் உண்டு. அன்பரே, புனித யோசேவாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டில் இந்தத் தீவில் கால் வைத்தபோது பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார். சுமை குறைவது அவமானம் என்று அவர் எண்ணியிருந்தால் இந்நாட்டுத் திருச்சபை இன்று எங்கே இருந்திருக்கும்?

இடத்தைக் குறைக்கு முன் இருப்பை எண்ண வேண்டும். இதுவும் ஒருவகை ஆத்தும சோதனைதான். வாராவாரம் போகும் சாமான் எது, ஆண்டுக்கு ஒருமுறை அசையும் சாமான் எது, அசையவே அசையாதது எது என்று பிரித்துப் பாருங்கள். பஞ்சிகாவத்தைத் தெருவில் உதிரிப்பாகம் விற்பவருக்கு இது நன்றாக விளங்கும். வீதியில் இனி ஓடாத வாகனத்தின் பாகம் எத்தனை ஆண்டுகள் தட்டில் இருந்தாலும் பணமாகாது. அது இருக்கும் இடத்துக்கு மட்டும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். துணியோ உணவோ பாத்திரமோ ஆனால், பழுதாகு முன்னரே இல்லாதவருக்குக் கொடுத்துவிடுங்கள். மிஞ்சியதைத் தரையில் பரப்பாமல் தட்டுகள் அடித்து மேலே அடுக்குங்கள். நம்பிக்கையான அயல் வியாபாரியுடன் ஒரே கிட்டங்கியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கிட்டங்கிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இடம் இருந்தால் பதுக்கும் ஆசை வரும். 2021 ஓகஸ்ட் இறுதியில் உணவுப் பொருள்களுக்காக நாட்டில் அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. கிட்டங்கிகளில் குவிந்திருந்த சீனி அதிகாரிகளால் கைப்பற்றப்பட்டது. எகிப்தில் சூசையும் களஞ்சியங்களை நிரப்பினார்; ஆனால் பஞ்சத்தில் கதவைத் திறப்பதற்காக நிரப்பினார். விலை ஏறட்டும் என்று கதவை மூடுகிறவன் சூசையின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

இனி, மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் யார் பெயரில் கோடு விழுகிறது? மூட்டை சுமக்கும் நாட்டாமையின் பெயரில். ஸ்டோர்காரப் பையனின் பெயரில். இரவுக் காவலாளியின் பெயரில். வாடகையைக் குறைக்கக் கட்டடச் சொந்தக்காரரிடம் வாதாட வேண்டும். கூலியாளை நிறுத்த ஒரு சொல் போதும். ஆகவே இலகுவான வழியில் போகிறோம். இடத்தைக் குறைப்பது ஆளைக் குறைக்காமல் இருப்பதற்காகவே இருக்கட்டும். உழைப்பே முதலுக்கு முந்தியது என்று பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போதித்தார். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இலேயே தொழிலாளரின் நியாயமான கூலிக்காகக் குரல் கொடுத்தார்.

அப்படியும் ஒருவரை அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய நூற்றுக்கு 12ம், நம்பிக்கை நிதிக்குரிய 3ம் நிலுவையின்றிக் கட்டப்பட்டிருக்கின்றனவா? 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமானால், குற்றமற்ற தொழிலாளியை அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. அத்தகைய இடத்தில் ஐந்து ஆண்டு உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. ஆட்கள் 15க்குக் குறைவென்றால் சட்டம் மௌனமாக இருக்கலாம். மனச்சாட்சி மௌனமாக இராது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயு முன் கொடுத்துவிடும்படி உபாகமம் கட்டளையிடும்போது ஆள் கணக்குக் கேட்கவில்லை.

கட்டடங்களை வாடகைக்கு விடும் அன்பர்களுக்கும் ஒரு சொல். பல ஆண்டுகள் ஒழுங்காக வாடகை தந்தவர் பாதி இடத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வந்து நிற்கும்போது, முற்பணத்தை இழுத்தடித்து அவரை நெரிக்காதீர்கள். அவர் எழும்பினால் நாளை அதே இடத்தை உங்களிடமே கேட்டு வருவார்.

உவமையின் செல்வந்தனை மறுபடியும் பாருங்கள். அவன் செய்த திட்டத்தில் வயலில் உழைத்தவன் இல்லை, அயலான் இல்லை, இறைவனும் இல்லை. அவன் தன்னோடு மட்டுமே பேசினான். பெரிய களஞ்சியத்தைப் பற்றி அப்படி யோசித்ததைப் போலவே சிறிய களஞ்சியத்தைப் பற்றியும் ஒருவன் யோசிக்கக்கூடும். இடத்தைச் சிறிதாக்கி, மிச்சத்தைத் தன் பெட்டியிலே பூட்டி வைத்தால் அவனும் அந்த மூடனின் தம்பிதான். இந்த உவமைக்கு விளக்கம் தந்த புனித பசிலியார், பெரிய களஞ்சியம் தேடுகிறவனுக்கு ஏழைகளின் வீடுகளையே காட்டினார். அங்கே வைப்பதற்கு வாடகை இல்லை, பூச்சி அரிக்காது, கள்ளனும் வரான்.

ஆகவே அன்பர்களே, இந்த மாத முடிவில் கணக்கெழுத உட்காரும்போது தனியே உட்காராதீர்கள். மனைவியையும் மூத்த வேலையாளையும் பக்கத்தில் இருத்துங்கள். இருக்கும் உண்மையை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு சிறு செபம் சொல்லிய பின் பேரேட்டைத் திறவுங்கள். குறைக்க வேண்டியதைத் துணிந்து குறையுங்கள். குறைத்ததில் மிஞ்சும் பணம் யார் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நம் ஆன்மா கேட்கப்படும் இரவில் நமக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.