சுகமும் சொல்லும்

நோயாளியின் நம்பிக்கையே அவரது வலியைத் தணித்ததென்றால், வைத்தியர் அவரை ஏமாற்றினார் என்று கொள்ளலாமா? முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் ஊசியையும் குவளையையும் நாடுவோர் பெருகிவரும் இக்காலத்தில் இது சிந்திக்கவேண்டிய கேள்வி.

நான் படிப்பிக்கும் இறுப்பிட்டி புங்குடுதீவின் ஒரு கிராமம். வலை இழுத்தும் தண்ணீர்க்குடம் சுமந்தும் முதுகு தேய்ந்தவர்கள் இங்கு அநேகர். விசேட வைத்தியரைக் காண யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறவேண்டும். வலி தணியும் என்று யார் சொன்னாலும் செவிசாய்க்கும் இவர்களை நான் குறைகூற மாட்டேன்.

இவ்வைத்தியங்கள் பழையவை. கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகியவற்றால் இரத்தம் எடுக்கும் முறைகளை சுஸ்ருத சம்ஹிதை கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டதையும், அதைச் செய்த அபூதைபாவுக்குக் கூலியாகப் பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னதையும் புகாரி கிரந்தத்தில் காண்கிறோம்.

பழமை மட்டும் ஒன்றை மெய்யாக்கிவிடாது. ஜேர்மனியில் நாட்பட்ட இடுப்புவலியுள்ள 1162 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2007 இல் வெளியானது. சீன சாஸ்திரம் சொல்லும் புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டோரில் 47.6 வீதத்தினர் ஆறு மாதத்தின் பின் நலம் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 வீதத்தினர்; மருந்தும் உடற்பயிற்சியும் போன்ற வழமையான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதத்தினர். புள்ளிகளின் சாஸ்திரத்துக்கு இது நல்ல சாட்சியல்ல. எனினும் ஊசி குத்தப்பட்ட இருசாராரும் கூடுதலான சுகம் பெற்றார்கள் என்பதை மறைக்கவும் முடியாது.

அந்தச் சுகம் வெறும் மனமயக்கமா? கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் கலிபோர்னியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1978 இல் வெளிவந்தது. மருந்தென்று சொல்லிக் கொடுத்த வெறும் திரவத்தாலேயே சிலருக்கு வலி குறைந்தது. அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலொக்சோனைக் கொடுத்ததும் அவர்களது வலி கூடியது. ஆகவே நம்பிக்கை உண்டானபோது உடல் தனது வலிநிவாரணியைத் தானே சுரந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினர். நம்பிக்கையால் வந்த சுகமும் உடலில் நிகழ்ந்த சுகமே.

எனவே சுகம் தந்ததற்காக வைத்தியரைப் பழிக்க நியாயமில்லை. அவர் சொன்ன சொல்லுக்குத்தான் கணக்குக் கேட்கவேண்டும். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எனக்கு அறிமுகமான ஒரு முதியவரிடம், "இது சுன்னத்தான வைத்தியம், ஒருபோதும் தப்பாது" என்று சொல்லி ஹிஜாமா செய்திருக்கிறார்கள். இரண்டு வாரம் சுகம். பின்னர் அதே வலி. "மாஸ்டர், என்ட ஈமான்லயா குறை?" என்று அவர் என்னிடம் கேட்டார். முதுகில் இருந்த வலியை மனத்துக்கும் ஏற்றிவிட்டது அந்த உத்தரவாதம். குவளை தவறினால் பழி நோயாளியின் ஈமானுக்குப் போகும்படி நபிகளாரின் பெயரைப் பிணையாக வைப்பது, அந்தப் பெயருக்கே செய்யும் அநீதி.

வைத்தியம் அறியாதவர் வைத்தியம் பார்த்தால், விளையும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிளேட்டின் சுத்தம் அந்தப் பொறுப்பில் அடங்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரைக் கீறாமல் விடுவதும், கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படாமல் வருபவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அடங்கும். வாக்குறுதியும் அதில் அடங்கும் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

"சிலருக்கு வலி தணிந்திருக்கிறது, உங்களுக்கும் தணியலாம்; தணியாவிட்டால் அது உங்கள் குற்றமல்ல" என்று சொல்லும் வைத்தியர் எதையும் இழக்கமாட்டார். அபூதைபா பெற்ற கூலியைப் போல, அவர் பெறும் கூலியும் ஹலாலானதாகவே இருக்கும்.