முகவரியும் சாட்சியும்

அபர்ணா சென்னின் '15 பார்க் அவென்யூ' (2005), கல்கத்தாவில் ஒரு வீட்டைத் தேடும் காரில் தொடங்குகிறது. அப்படியொரு முகவரி கிடையாது என்பது காரில் இருக்கும் மீத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மீத்திக்கு மனச்சிதைவு. அந்த வீட்டில் தன் கணவனும் ஐந்து குழந்தைகளும் இருப்பதாக நம்புகிறாள். கணவன் என்று அவள் நினைப்பவன், அவள் வன்முறைக்கு ஆளானபின் நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனவன். மூத்தவள் அனு பௌதிகப் பேராசிரியை, மணமுறிவு பெற்றவள், தாயும் தங்கையும் அவள் பொறுப்பு. கொங்கணா சென் சர்மா, ஷபானா ஆஸ்மி நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த வன்முறைக் காட்சிதான் உறுத்துகிறது. நோய்க்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதென்று பார்வையாளன் நிம்மதியாக வீடு திரும்ப அது வழிசெய்துவிடுகிறது.

என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி வேறு. இல்லாத வீட்டைத் தேடுகிறவளிடம் 'இல்லை' என்று சொல்வதா, கூடவே காரில் ஏறிக்கொள்வதா?

நான் திருத்தணிக்காரன். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீடுகள் நகரவில்லை, மலை நகரவில்லை, முகவரி மட்டும் மாறியது. என் தாத்தா அதன்பிறகும் பல வருஷம் கடிதங்களில் 'சித்தூர் ஜில்லா' என்றே எழுதினார். தபால்காரர் புரிந்துகொண்டார். தாத்தாவை யாரும் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப்போகவில்லை. முகவரி என்பது மண்ணில் இருப்பதல்ல, பலர் சேர்ந்து ஒப்புக்கொள்வது. மாயை என்றால் உலகம் வெறும் பொய் என்று அர்த்தமில்லை என வாதாடிய ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரில் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மீத்தியின் முகவரியில் மற்றவர்கள் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான் என்று ஒரு காலத்தில் நான் வாதாடியிருக்கிறேன். லெய்ங்கின் 'அனுபவத்தின் அரசியல்' (1967) கையிலிருந்த காலம். பைத்தியத்தை ஒரு பயணமாகப் பேசிய நண்பர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

பயணம் போகிறவருக்குத் தலைவாரிவிட்டவள் என் அம்மா.

சித்தி அம்மாவுக்கு ஆறு வயது இளையவள். மலைமேல் தனக்குக் கல்யாணம் நடந்துவிட்டது, அவர் நாளுக்கு ஒரு படியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறார் என்பது அவள் கணக்கு. எங்கள் மலைக்கு 365 படி. வருஷத்தின் நாளுக்கொன்று என்று ஊரே சொல்கிறது, அதற்கு யாரும் நிரூபணம் கேட்பதில்லை. டிசம்பர் 31 இரவு, படித்திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் மேலே ஏறும். சித்தி மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடிவாரத்தில் நிற்பாள். ஏறுகிறவர்களை அவள் பார்ப்பதில்லை. கூட்டம் கலைந்தபின் அம்மா போய்க் கையைப் பிடிப்பாள். "யாரும் வரல. வீட்டுக்கு வா." சித்தி சண்டை போடுவாள், அழுவாள், வருவாள். மறுநாள் முதல் படியிலிருந்து கணக்கு மறுபடி ஆரம்பிக்கும்.

மாத்திரை கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும். சோளிங்கரில் சின்னமலை ஆஞ்சநேயரிடம் ஒரு மண்டலம் தங்கவைத்ததும் உண்டு. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமாகப் படவில்லை. படத்தில் மந்திரவாதியைக் கண்டதும் அனு கொதித்துப்போகிறாள். என் அம்மா அவரிடம் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருப்பாள்.

ஒரு வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூட வேலை, என் பரீட்சை, அப்பா ரேணிகுண்டாவில். அன்றிரவு அடிவாரத்தில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் பத்துப் படிதான்டி, வந்துடுவார்" என்றாள். நான் கூட நின்றேன். அம்மா கடைசியில் கனிந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சித்தி அவளை வெகுநேரம் பார்த்தாள். "அக்கா, நீ பொய் சொல்ல மாட்டியே" என்றாள்.

அதற்குப்பின் அவரைப் பற்றி அம்மாவிடம் அவள் பேசவேயில்லை. சண்டையும் நின்றது. கூப்பிட்டால் வந்தாள், சாப்பிட்டாள், ஒரு வார்த்தை கிடையாது. வீடு அமைதியாகிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டார்கள். தன் உலகத்தை ஒப்புக்கொள்ளாத ஓர் ஆள் எதிரே நிற்பது அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வருஷாவருஷம் வந்து கையைப் பிடித்தவள் சொன்ன 'இல்லை'யில், 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதும் சேர்ந்திருந்தது போலும். பத்துப் படி என்று சொன்ன குரலில் அது இல்லை, களைப்புதான் இருந்தது. ஆனால் அம்மா களைத்திருக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பம் களைத்துப்போனால் வேறு யார் என்று கேட்டால், ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதித் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் வந்தது. அடிவாரத்தில் போய்க் கையைப் பிடிக்க ஆள் நியமிக்கும் சட்டம் எதுவும் இல்லை.

படத்தின் முடிவை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் மீத்தி ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள். கணவனும் குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அவள் அகப்படுவதில்லை. நண்பர்கள் இதைக் கவிதை என்கிறார்கள். இருக்கலாம். அபர்ணா சென் மீத்தியிடம் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்ல ஒரு இயக்குநரால் முடியும், மறுநாள் காலை அவர் மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவில்லை. தெருவில் நின்று தங்கையைத் தேடிக்கொண்டிருக்கும் அனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி போனபிறகும் அம்மா சில வருஷம் டிசம்பர் 31 இரவு அடிவாரத்துக்குப் போனாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "திருப்புகழ் கேக்க" என்றாள்.