இரண்டாவது குண்டுக்கு முன்

ராணுவங்கள் கனரகப் பீரங்கிகளை வாங்குவதா, ராக்கெட் ஏவும் வண்டிகளை வாங்குவதா என்பது எழுத்தாளனுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஒதுங்கிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தூரம், எடை, விலை, நிமிஷத்துக்கு எத்தனை குண்டு என்று நான்கு தலைப்புகளில் அட்டவணை போட்டு நிபுணர்கள் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அட்டவணையில் ஐந்தாவது தலைப்பு ஒன்றும் உண்டு: இந்த ஆயுதத்தை இயக்குகிறவனுக்கு, தான் செய்வது எந்த அளவுக்குத் தெரிந்திருக்கும்? இதை யாரும் நிரப்புவதில்லை.

இரண்டு யந்திரங்களும் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்க்கலாம். 155 மில்லிமீட்டர் பீரங்கி ஒரு சமயத்தில் ஒரு குண்டைச் சுடுகிறது. முன்னால் எங்கோ மேட்டில் இருக்கும் நோட்டக்காரன் அது விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறான்: இன்னும் நூறு மீட்டர் தள்ளி, கொஞ்சம் இடது பக்கம். குழாயைத் திருத்தி அடுத்ததைச் சுடுகிறார்கள். ருஷ்யர்களின் ‘கிராட்’ வண்டியில் 40 குழாய்கள்; 40 ராக்கெட்டுகளும் இருபது வினாடிகளில் போய்விடும். நமது பினாகா 12 ராக்கெட்டுகளை 44 வினாடிகளில் ஏவுகிறது. வழிகாட்டும் கருவி இல்லாத ராக்கெட், குழாயை விட்டுக் கிளம்பிய பிறகும் எரிந்துகொண்டே போவதால் காற்று அதைச் சுலபமாக அலைக்கழிக்கும். எனவே புள்ளியைக் குறிவைக்க அதனால் ஆகாது. ஒரு பரப்பை நிரப்ப ஆகும். ராணுவத்தின் பக்கம் நியாயமும் இருக்கிறது. சுட்ட இடத்தை எதிரியின் ராடார் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும் ஏவிவிட்டு உடனே நகர்ந்துவிடுகிறவன்தான் உயிரோடு இருப்பான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. பீரங்கியில் முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. முதல் குண்டு விழுந்த இடம் தெரிந்த பிறகு சுடப்படுவதால், இரண்டாவது குண்டு தெரிந்தே சுடப்படுகிறது. பீரங்கிகளும் கூட்டமாகச் சேர்ந்து அவசரமாகச் சுடுவதுண்டு. இருந்தாலும் நடுவில் நிறுத்த முடியும். ராக்கெட் வரிசையில் இரண்டாவது என்று ஒன்று கிடையாது. நாற்பதும் முதல் குண்டுதான். அற உணர்வு என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத் தவிர வேறு எங்கே குடியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வசிக்கும் தேங்காய்த்திட்டுக்கு வடக்கே, புதுச்சேரிக் கோட்டையை 1760-ல் ஐர் கூட் முற்றுகையிட்டிருந்தார். தானியம் குறைந்துபோகவே, உள்ளே இருந்த லாலி ஊர்க்குடிகளைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் பக்கம் விடவில்லை. கோட்டைக்குள் திரும்பவும் வழியில்லை. இரண்டு பக்கத்துப் பீரங்கிகளுக்கும் நடுவே பல நாட்கள் கிடந்தார்கள். கடைசியில் கூட் வழிவிட்டார். இதைக் கருணை என்று கொண்டாட வேண்டியதில்லை. 1761 ஜனவரியில் சரணடைந்த ஊரைப் பிறகு அதே படை இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆனால் கண்ணெதிரே கிடக்கும் கூட்டத்தை என்ன செய்வது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. பட்டினி போட்டதற்கும் ஒரு பெயர் இருந்தது, வழிவிட்டதற்கும் ஒரு பெயர் இருந்தது.

இருபது வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையை அழித்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அங்கே பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்ததில் சண்டை முடிந்தது. தீ வைத்தது ராக்கெட்டா பீரங்கிக் குண்டா என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. யார் கை என்று சொல்ல முடியாதபடி ஆக்கிவிடுவது இந்த ஆயுதத்தின் குணத்தில் பிறவியிலேயே இருக்கிறது போலும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே இதே ராக்கெட்டுகளுக்கு முன்னால் இருட்டில் தடுமாறிய வெல்லெஸ்லி, பின்னால் வெலிங்டன் ஆனபோது, மைசூரைப் பார்த்து காங்கிரீவ் செய்த ஆங்கில ராக்கெட்டுகளை விரும்பவில்லை. ஊரைக் கொளுத்த மட்டுமே அவை உதவும், கொளுத்த எனக்கு ஊர் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. அவர் சாதுவல்ல. தன் கையில் இருப்பது எதைச் செய்யும் என்று தெரிந்தவர்.

இதுவரை சொன்னதைப் படிப்பவருக்கு, பீரங்கிதான் அறத்தின் பக்கம் என்று தோன்றலாம். வன்னி அதற்கு இடம் கொடுக்காது. ஈழத்தில் சாதாரண ஜனங்களின் பேச்சிலேயே ஆட்லறி வேறு, மல்ரிபரல் வேறு. சத்தத்தைக் கேட்டே பிரித்துச் சொல்லக் கற்றார்கள். 2009-ல் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் இரண்டும் விழுந்தன என்று ஐ.நா. செயலாளர் நியமித்த குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. அது இருந்த இடம் ராணுவத்துக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. மேலே ஆளில்லா விமானங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஜனங்களைப் போகவிடாமல் பிடித்துவைத்ததையும், தப்பியவர்களைச் சுட்டதையும், ஜனங்களின் அருகிலிருந்தே பீரங்கி சுட்டதையும் புலிகளின் மேல் அதே அறிக்கை வைக்கிறது. கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்று ஏப்ரல் 27 அன்று அரசு அறிவித்த பின்னும் குண்டுகள் நிற்கவில்லை. செத்தவர்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பது அக்குழுவின் கணக்கு.

ஆகவே இடைவெளி அங்கே இருந்தது. முதல் குண்டு விழுந்த இடம் தெரிந்திருந்தது; இரண்டாவது குண்டும் போனது, நூறாவதும் போனது. பீரங்கி மனிதனை நல்லவனாக்குவதில்லை. சாக்கை மட்டும் பறித்துக்கொள்கிறது. ராக்கெட் அதைக் கையில் கொடுக்கிறது: காற்று தள்ளிவிட்டது, பரப்பு பெரியது, யாரையும் குறிவைக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியம் பெரும்பாலும் உண்மை. குற்றமே அதில்தான் இருக்கிறது. 1995 மே மாதம் சாக்ரெப் நகரத்தின் மேல் ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒர்கான் ராக்கெட்டுகளை ஏவச் செய்த மார்டிச் என்பவரின் வழக்கில், ஹேக் நீதிமன்றம் 2007-ல் இதைத்தான் சொன்னது. அத்தனை தூரத்திலிருந்து குறிப்பிட்ட இலக்கை அடிக்க முடியாத ஆயுதத்தை ஜனம் நிறைந்த ஊர்மேல் ஏவுவதே ஜனத்தைத் தாக்குவதுதான். அதைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே நோக்கம் தெரிந்துவிடுகிறது.

இன்று ராக்கெட்டுக்கும் வழிகாட்டும் கருவி வந்துவிட்டது. புதிய பினாகா 75 கிலோமீட்டர் போய்ப் புள்ளியைத் தேடுகிறது. சாதாரண பீரங்கிக் குண்டு அதைவிடத் தாறுமாறாக விழக்கூடும். அட்டவணை தலைகீழாகிவிட்டது. சாக்கு ஒழிந்ததா என்றால் இல்லை, இடம் மாறியிருக்கிறது. இப்போது அது புள்ளியைக் குறித்துக் கொடுத்தவனிடம், அவனுக்குத் தகவல் தந்தவனிடம், அந்தத் தகவலைச் சேர்த்த யந்திரத்திடம் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. எதை வாங்குவது என்று ஒரு ராணுவம் கேட்டால் என் பதில் இதுதான்: போட்டவனின் பெயரைச் சொல்ல முடிகிற ஆயுதத்தை வாங்குங்கள். அது யாரையும் காப்பாற்றும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது, நமக்குத் தெரிந்த வேலையில். குண்டு ‘விழுந்தது’ என்று எழுதுகிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் தமிழில் அது இயல்பாக வருகிறது. மழை விழுகிறது, இலை விழுகிறது, குண்டும் விழுகிறது. இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வாக்கியத்தில் குண்டுதான் எழுவாய். போட்டவன் அதில் இல்லை. ‘போட்டான்’ என்று எழுதினால் யார் என்ற கேள்வி வரும், பெயர் தேட வேண்டியிருக்கும், சில சமயம் கிடைக்காமலும் போகும். கிடைக்காதபோது அந்த இடத்தைக் காலியாக விட்டுக் காட்டலாம். ‘விழுந்தது’ என்று போட்டு நிரப்ப வேண்டாம்.